பாய் வண்டியை விட்டுவந்த இடம்

நாங்கள் மூன்று பேர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். இரண்டாமவன் அதே பிரிவில் தோல் வெட்டுகிறவன். பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாமவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஒரே வகுப்பில் படித்தவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆளுக்கொரு பைக்கில் ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிடுவோம். பஸ் போகாத வழிகளாகப் பார்த்துச் சுற்றிவிட்டு, சாயங்காலம் அமிர்தி வழியாக இறங்குவோம்.

எப்போதும் பாய்தான் முன்னால் போவான். அந்த ஞாயிறு மட்டும், ஒடுகத்தூர் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினான்.

"நீ முன்னாடி போ. நான் உன் பின்னாலயே வர்றேன்" என்றான்.

முதுகு வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். நான் முன்னால், பாய் நடுவில், வேன்காரன் கடைசியில். பீஞ்சமந்தைக்குக் கொஞ்சம் முன்னே ஒரு வளைவில், விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா எதிரே வந்தார். வண்டிச் சத்தம் கேட்டு எங்களுக்கு இடது ஓரமாக ஒதுங்கி நின்றார். நான் விலகிப் போனேன். இரண்டு நொடியில் பின்னால் விறகு சிதறும் சத்தம்.

திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். பாயின் ஹேண்டில்பார் அவர் கையில் பட்டு, முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வேன்காரன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஓரமாத்தானேடா நின்னாங்க. நேரா அவங்க மேலயே போறியே" என்றான் பாயிடம்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "இன்னாப்பா, ஆளு நிக்கிறது கண்ணு தெரியலயா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலம்மா" என்றான் பாய். "நிஜமாவே தெரியல."

சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். கண்ணில் பிரஷராம். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும். பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. இடது கண்ணில் ஜாஸ்தி போய்விட்டது. வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது.

"நாலு மாசமா எங்க கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?" என்றான் வேன்காரன்.

பாய் என்னைப் பார்த்தான். "இவன் கிட்ட சொன்னா என்னை மிஷின்ல நிக்க வுடுவானா?"

எங்கள் மிஷினில் தோலை விரித்து, அதன்மேல் அச்சுக் கத்தியை வைத்து, பட்டனை அழுத்தினால் மேலிருந்து இரும்புத் தலை இறங்கும். பதினெட்டு வருஷம் அதில் நின்றவனுக்கு ஒரு விரலில்கூடக் காயம் பட்டதில்லை. அந்த நாலு மாதமும் நான் அவனுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, கத்தியைத் தேட அவன் தலை முழுக்கத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கழுத்துப் பிடிப்பு என்று சொன்னான். நம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம், அந்த அம்மா வரவில்லை. விறகைப் பொறுக்கிக் கட்டி, அவர் வீடுவரை கொண்டுபோய் வைத்தோம். முழங்கையில் மஞ்சளை அப்பிக்கொண்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். பாயின் வண்டியை என்ன செய்வது என்று நாங்கள் முழித்ததைப் பார்த்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும். கோழி ஏறி ஒக்காரும், அவ்ளோதான்" என்றார்.

திரும்பிவிடலாம் என்றான் வேன்காரன். பாய் கேட்கவில்லை. "வந்தது வந்துட்டோம். முழுசா சுத்திட்டே போலாம்" என்று சொல்லி என் பின்னால் ஏறிக்கொண்டான். அத்தனை வருஷத்தில் அவனைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டியதில்லை. மண் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவன் கை என் தோளை இறுக்கியது. ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டோம்.

அமிர்தி இறக்கத்தில் என் காதருகே குனிந்தான். "பொண்ணு பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் டைம் குடு. அப்புறம் நானே மிஷின வுட்டுட்றேன்."

நான் பிரேக்கைப் பிடித்து வளைவில் திருப்பினேன். காற்றில் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, மறுபடியும் அதையே சொன்னான்.

"கேட்டுச்சு" என்றேன்.

மறுநாள் காலை அவனுக்கு முன்பே போய் அவன் மிஷின் அருகில் நின்றேன். வந்தவனிடம், "இதுல நிக்காத" என்றேன். பாய் மாட்டிய ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டான். மேனேஜரிடம் நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவனைச் சம்பளம் குறைவான பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு வேன்காரனும் நானும் போய் அந்த வண்டியை எடுத்துவந்தோம். வழியில் அவன் சொன்னான்: "நீ செஞ்சது கரெக்ட்டுதான். ஆனா அவனா வந்து சொல்றதுக்கு ஒரு நாள் வுட்டிருக்கலாம்."

அந்த ஒரு நாளில் பாயின் கை போயிருந்தால் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவன் சொன்னதும் உண்மை என்றே பட்டது. இன்றும் அப்படித்தான்.

மழைக்காலம் முழுக்கப் பாய் என்னோடு பேசவில்லை. வராண்டாவில் எதிர்ப்பட்டால், நான் அவன் பார்வைக்குள் வந்தேனா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

பொங்கல் லீவில் மறுபடி மலைக்குப் போனோம். வேன்காரன் போய்க் கூப்பிட்டதால் பாய் வந்தான். வேன்காரன் பைக்கில்தான் பின்னால் ஏறினான். ஜமுனாமரத்தூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"என் எடத்துல போட்டிருக்கியே ஒரு ஆளு, அவன் லெஃப்ட்டு ஷூவுக்கும் ரைட்டு ஷூவுக்கும் தோல் கலர் ஒத்துப்போகுதான்னு பாக்காம வெட்றான். பொட்டியில ஜோடி போடும்போது தெரியுது. அவன் கிட்ட சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் வேன்காரன் வண்டியில் ஏறிக்கொண்டான்.