நாலு தேசிக்காயும் ஐந்நூறு குதிரையும்

இண்டைக்குக் கோயில் பார்க்கிங்கில ஒரு கொலை விழப் பாத்தது.

போன கிழமை புதுக் காரின்ர படம் போட்டனான் எல்லே. அமெரிக்க மசில் கார், ஸ்பெஷல் எடிஷன், ஐந்நூறு குதிரை வலு. கிளட்சை ஒரு நூல் கூட விட்டாலும் பாயும். எனக்கு அது இன்னும் பிடிபடேல்லை.

"பூசை செய்யாமல் நான் ஏறமாட்டன்" எண்டு மனிசி சொல்லிப்போட்டா.

ஐயர் நாலு டயருக்குக் கீழயும் தேசிக்காய் வைச்சார். பேந்து கற்பூரத் தட்டோட காருக்கு நேர முன்னால வந்து நிண்டார். அவருக்குப் பின்னால சுவர்.

"மெதுவா முன்னுக்கு எடுங்கோ தம்பி."

"ஐயா, கொஞ்சம் விலகி நில்லுங்கோ."

"எத்தினை கார் பாத்திருப்பன். நீங்கள் எடுங்கோ!"

அவர் பாத்ததெல்லாம் மினிவான்.

கிளட்சை விட்டன். பின் டயர் வழுக்கிச் சுத்தின சுத்தில ஒரு தேசிக்காய் துவக்குக் குண்டு மாதிரிப் பின்னால பறந்தது. கார் உறுமிக்கொண்டு பாய்ஞ்சுது. கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதிச்சன்.

கண்ணைத் திறக்கப் பயமாக் கிடந்தது. திறந்தா, பம்பர் ஐயரின்ர வேட்டியில முட்டிக்கொண்டு நிக்குது. கற்பூரம் அணையேல்லை. மனிசன் அசையவும் இல்லை. ஆனால் எனக்குத் திருநீறு பூசேக்குள்ள நெத்தியை விட்டுட்டு மூக்கில பூசினார்.

பூசை செய்யாமல் ஏறமாட்டன் எண்ட மனிசி, பூசை முடிஞ்ச கையோட மெட்ரோவில வீட்டுக்குப் போயிட்டா.

எங்கட செயின்ட்-மிஷேல் பக்கம் ஆராவது மினிவான் விக்கிறீங்களோ?