பச்சைத் தண்ணீரும் மஞ்சள் பையும்

ஒரு மனிதரை வழிமறித்து, "பையைத் திறந்து காட்டு" என்று கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால், என் வீட்டு மாடிப்படியில் வைத்து... அதுவும் பட்டப்பகலில். அதற்காகவே ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு மீன் தொட்டியால் வந்த வினை.

எனக்கு பிரஷர் இருப்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். "வீட்ல மீன் வளத்துப் பாருங்க. தினமும் பத்து நிமிஷம் அது முன்னால உக்காந்தா பிரஷர் தானா இறங்கும்" என்றார் டாக்டர். வாங்கினேன். இரண்டடித் தொட்டி, ஆறு தங்க மீன், அடியில் வெள்ளைக் கூழாங்கல், குமிழி விடுகிற மோட்டார். ஹாலில் ஜன்னலோரமாக வைத்தேன். பத்து நாள் சுகமாகப் போனது.

அப்புறம் கண்ணாடியில் லேசாகப் பச்சை தட்டியது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மறுநாள் கூழாங்கல் பச்சை. கழுவினேன். அடுத்த வாரம் தண்ணீரே பச்சை — மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுசு ஊற்றினேன். நாலே நாளில் மறுபடி அதே பச்சை! ஒரு மீன் செத்து மிதந்தது. பிரஷர் இறங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மீன் கடை பாயிடம் போய் நின்றேன்.

"பாசி சார். தொட்டில வெயில் படுதா?"

படவே இல்லை என்றேன். காலையிலும் மாலையிலும் நான்தானே பார்க்கிறேன்? ஒரு பொட்டு வெயில் கிடையாது.

"அப்ப பாசி திங்கிற மீன் ரெண்டு தாரேன், விட்டுப் பாருங்க" என்றார்.

ஆஹா... விஷயம் இதுதானா! ஆறு மீனை விற்றவர், அதைக் காப்பாற்ற இன்னும் இரண்டு மீனை என் தலையில் கட்டப் பார்க்கிறார். பாசியாவது கீசியாவது என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், சிவகாசிக்காரனுக்குப் பச்சையைப் பார்த்தால் பாசி ஞாபகம் வராது. பச்சை உப்புதான் ஞாபகம் வரும். வாணம் மேலே போய்ப் பச்சையாகப் பூக்கிறதே, அதற்குச் சேர்க்கிற மருந்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்த வாணங்களுக்கு இருபது வருஷமாக லேபிள் டிசைன் பண்ணுகிறவன் நான். எனக்குத் தெரியாதா?

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாரியப்பன், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அவரும் அவர் மனைவி செல்வியும் குடி வந்தது, மீன் வந்த அதே மாதம். கம்பெனிச் சட்டையை அவர் அலசுவது கொல்லைக் குழாயடியில். நான் தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்பதும் அதே குழாயில். போதாதா?

போதாது என்றால் இன்னும் கேளுங்கள். விடிவதற்கு முன்னால் கிளம்புகிறவர் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறார். அரை நாளில் முடிகிற வேலை என்ன வேலை? கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை, வாயைச் சுருட்டிப் பிடித்தபடி. படியேறும்போது நின்று, ஜன்னல் வழியாக எங்கள் மீன் தொட்டியையே உற்றுப் பார்க்கிறார் என்று துணி காயப்போடப் போன என் மனைவி சொன்னாள். மத்தியானம் முழுக்க அவள் உள் அறையில் தையல் மிஷினோடு இருப்பவள், ஹால் பக்கம் வருவதே அபூர்வம். இரண்டு நாள் நான் சாயங்காலம் வந்து பார்த்தால், திறந்து வைத்த ஜன்னல் வெளியிலிருந்து சாத்திக் கிடந்தது. யார் சாத்தியது? எதை மறைக்க? கம்பெனி மருந்தைப் பையில் கடத்தி வந்து மாடியில் பதுக்குகிறாரோ?

வெளியூர்க்காரர்கள் சிரிப்பீர்கள். ஆனால், வீட்டில் மருந்து வைத்திருந்தார்கள் என்று எங்கள் பக்கம் யாராவது சொன்னால், பெரும்பாலும் அந்த வீடு அப்போது இருக்காது. பக்கத்து வீடும் இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. நிஜமான பயம்.

"பேசாம காலி பண்ணச் சொல்லிருங்க" என்றாள் மனைவி. ஆதாரம் வேண்டாமா? அதற்குத்தான் அந்த அரை நாள் லீவு.

ஒன்றரை மணிக்கு வந்தார்.

"மாரியப்பா, அந்தப் பையத் திறந்து காட்டு."

அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. படியில் பையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். கழுவிய தூக்குவாளி. ஈரத் துண்டு. சோப்பு டப்பா. கலக்குகிற ரூமுக்குள் போடுகிற பருத்திச் சட்டை, அலுமினியத் தூள் ஒட்டி மினுங்கியது. அவ்வளவுதான். பையைத் தலைகீழாக உதறியும் காட்டினார். மேல்படியில் செல்வி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக்குள்ள போம்போது தினமும் தடவித்தான் விடுவாக அண்ணாச்சி... பீடி இருக்கா, தீப்பெட்டி இருக்கா, செல்போன் இருக்கான்னு. குடியிருக்க வீட்டு வாசல்ல வச்சுப் பாத்த மொத ஆளு நீங்கதான்."

தண்ணீர்... குழாயடி... பச்சை உப்பு... என்று ஏதேதோ உளறினேன்.

சிரித்துவிட்டார். "பச்சை உப்பு வெள்ளையால்ல இருக்கும்! அரிசி மாவு கணக்கா. எரிஞ்சாத்தான் அண்ணாச்சி பச்சை."

இருபது வருஷமாக லேபிளில் பச்சைப் பூ போடுகிறவனுக்கு அது தெரியவில்லை. அந்த உப்பை ஒரு நாள் கண்ணால் பார்த்திருந்தால்தானே?

அவரே என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப் போனார். எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி இறங்கிய வெயில், தொட்டி முழுக்க நின்றது. நான் ஆபீஸில் இருக்கும் நேரத்து வெயில்!

"மூணரை வரைக்கும் இங்கனதான் நிக்கும். இம்புட்டு வெயில் பட்டா பாசி பிடிக்காம என்ன செய்யும்? பாவமா இருந்துச்சு... ரெண்டு நாளு நாந்தான் சன்னலச் சாத்தினேன். நீங்க மறுபடி தொறந்து வச்சிட்டீக."

"உனக்கு எப்படிப்பா இதெல்லாம்..."

"வெயிலப் பாக்கிறதுதான எங்க வேல? வெயில் ஏறினா மருந்தத் தொடக் கூடாது. அதான் இருட்டோட போயி கலக்கி முடிச்சிருவோம். பெறகு குளிச்சிட்டு பஸ்ஸப் பிடிக்க வேண்டியதுதான்."

"மன்னிச்சிரு மாரியப்பா" என்றேன். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். பையைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

ஜன்னலைச் சாத்தி வைத்தோம். தண்ணீர் தெளிந்துவிட்டது. ஐந்து மீனும் பளிச்சென்று தெரிகின்றன. பிரஷருக்கு டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

காலி செய்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். போகவில்லை. ஆனால், அன்றிலிருந்து மாரியப்பன் நானோ மனைவியோ வாசலில் நின்றால், முதல் படியில் நின்று பையை விரித்து, ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். கோபமில்லை, கிண்டலில்லை. கம்பெனி கேட்டில் நிற்பதைப் போலத்தான் நிற்கிறார். வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

"பழகிருச்சு அண்ணாச்சி" என்கிறார்.

ஜன்னலைச் சாத்த எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை... அந்தப் பையை மூட வைக்கத்தான் வழி தெரியவில்லை.