பாதியில் நின்ற கிரிவலம்

அந்த இளம் நடிகை நர்ஸாக நடித்த படத்தை நான் ஏழு முறை பார்த்தவள். போன மாதம் ஒரு காலையில் கிரிவலம் போனபோது, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு அவரே என் முன்னால் நடந்துகொண்டிருந்தார். துப்பட்டா விலகி முகம் தெரிந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பேசினேன்.

"நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்க்கா. சுத்தி முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

உடனே அழித்தேன். அதற்குள் பலர் பார்த்துவிட்டார்கள். பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் வருவதற்குள் பைக்குகள் சூழ்ந்துகொண்டன. "பாதியில விடக் கூடாதுங்க, வழி விடுங்க" என்று கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மீதித் தூரத்தை அவருடைய அம்மாவை நினைத்து நானே நடந்தேன். ஆபரேஷன் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. டிவியில் அந்தப் பெண் வந்தால் என் கண் முகத்துக்குப் போவதில்லை; காலுக்குத்தான் போகிறது.