அடி விழும் இடத்தில் நிற்கும் இஞ்சின்

திரியாயிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்ற மிடுக்கோடு, ஆய்வுக் கேள்வித்தாளும் கையுமாகக் கப்பல்துறை என்ற ஊருக்குப் போன நாளில்தான் இதை எழுதுகிறவன் யோகமலரை முதன்முதல் கண்டான். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. யோகமலர் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் வாசலில் மண்ணெண்ணெய் மணக்க நின்றிருந்தார். சினிமாப் படங்கள் பெண்களை எப்படிக் காட்டுகின்றன என்ற முதல் கேள்வியை வாசித்ததும் சிரித்துவிட்டார்.

"தம்பி, அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. ஒரு இஞ்சின்தான் கிடக்கு. இருங்கோ, கதையைச் சொல்லுறன்."

அவருடைய ஊர் ஈச்சிலம்பற்று. கணவர் கட்டாரில் உழைத்துக் கொண்டுவந்த டீவியையும் வீடியோ டெக்கையும் வைத்துவிட்டு நோயில் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் கிளம்பியபோது, பானை சட்டியை விட்டுவிட்டு அந்த இரண்டையும் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தார் யோகமலர். வழியில் அவரை ஏசாத ஆளில்லை. கப்பல்துறையில் மின்சாரம் எடுக்க ஒரு சின்ன மண்ணெண்ணெய் இஞ்சின் கிடைத்ததும் ஏசியவர்களே படம் பார்க்க வந்தார்கள். இருட்டினால் ஒருவரும் வெளியே நடமாட முடியாத காலம். அதனால் பகல் இரண்டு மணிக்கே கொட்டிலைச் சுற்றிச் சாக்குக் கட்டி இருட்டாக்கி, காசு வாங்கிப் படம் போடுவார். மூன்று பேரின் சோறு அதில்தான் வெந்தது.

ஒரு நாள் படத்தில் கதாநாயகி எதிர்த்துப் பேசினாள். கதாநாயகன் பளாரென்று ஒன்று விட்டான். ஆண்கள் விசிலடித்தார்கள். அடுத்த காட்சியில் அவள் அவனைப் பார்த்து வெட்கப்பட்டாள். எல்லோரிலும் பலமாகக் கைதட்டியது யோகமலரின் மூத்த மகள், ஒன்பது வயதுச் சுகிர்தா.

"ஏன் பிள்ளை கைதட்டினாய்?"

"அவ வாய் காட்டினவ அம்மா. அடி விழுந்தாத்தான் திருந்துவா."

யோகமலர் அன்றே, அடுத்ததாகப் போடவிருந்த படத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் வேறு படம். கதாநாயகன் கையை ஓங்கிய நேரம் பார்த்து இஞ்சின் நின்றது. திரும்ப ஓடியபோது டெக்கில் நாடா எப்படியோ முன்னால் நகர்ந்து, படம் அந்தக் காட்சியைத் தாண்டியிருந்தது. முன்வரிசையில் இருந்த வேலாப்போடி எழும்பினார். ஊரில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பை இருபது வருடம் மேய்த்தவர்.

"பிளக் அழுக்கு, தங்கச்சி. நான் பாக்கிறன்."

கழற்றினார், துடைத்தார், பூட்டினார். மறுநாளும் அடி விழும் இடத்தில் நின்றது. எண்ணெய்க் குழாயை வாயால் ஊதினார். "இனி நிண்டால் என்ர மீசையை எடுக்கிறன்" என்றார். அதற்கும் நின்றது. மீசையைக் காப்பாற்ற வழி தேடிக் கொட்டிலின் பின்பக்கம் ஓடினவர், இஞ்சினை நிறுத்திய கையோடு யோகமலரைக் கண்டார்.

"நீங்களோ நிப்பாட்டுறது?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஏன் மூண்டு நாளா என்னைக் கழுவ விட்டனீங்கள்?"

"இஞ்சின் அழுக்காத்தானே கிடந்தது."

வேலாப்போடிக்கு மூக்கு நுனியில் கோபம். "அடி விழுற இடம்தானே படத்தின்ர உயிர்! அதை வெட்டினால் சனிக்கிழமை ஒரு ஆம்பிளையும் உங்கட கொட்டிலுக்க கால் வைக்கமாட்டான், பாருங்கோ!"

ஆண்கள் வராவிட்டால் அடுப்பு எரியாது. ஒரு அடிதானே, ஓடவிட்டால் என்ன என்றுகூட யோகமலர் யோசித்தார். ஆனால் முன்வரிசையில் சுகிர்தா இருப்பாளே.

சனிக்கிழமை ஆண்கள் எதிரே தேத்தண்ணிக் கடையில் குந்திக்கொண்டார்கள். கொட்டிலுக்குள் வந்தது பன்னிரண்டு பெண்கள், கைக்குழந்தைகளோடு. முன்னால் வந்தவர் வேலாப்போடியின் மனைவி குணமணி. படம் ஓடியது. கை ஓங்கியது. இஞ்சின் நின்றது.

"மச்சாள், இப்ப ஸ்டார்ட் பண்ணாதைங்கோ!" குணமணி எழும்பி இடுப்பில் கை வைத்தார். "அவள் என்ன சொல்லியிருக்க வேணும் எண்டு நான் சொல்லுறன். ஏன் ராசா கையை ஓங்கிறாய்? அவ்வளவு பலமெண்டால் குசினிக்க போய்த் தேங்காயைத் துருவு. சம்பல் நல்லா வந்தால் பிறகு கதைப்பம்!"

கொட்டில் சிரிப்பில் ஆடியது. இன்னொருத்தி எழும்பிக் கதாநாயகனின் தாயாக வந்து மகனைப் பிடிபிடியென்று பிடித்தாள். சிரிப்புச் சத்தம் தேத்தண்ணிக் கடைவரை போனது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சாக்கை விலக்கிப் பார்த்தார்கள். கடைசியாக வேலாப்போடியின் தலை நீண்டது.

"உள்ள என்ன நடக்குது?"

"உங்கட மனிசி நடிக்கிறா அண்ணை. கதாநாயகனுக்கு ஆள் இல்லை, வாறீங்களோ?"

"நானோ? சும்மா இருங்கோ" என்றபடியே உள்ளே வந்து இருந்துவிட்டார்.

அதன் பிறகு படத்தைவிட இஞ்சின் நிற்கும் இடத்துக்குத்தான் சனம் காத்திருந்தது. மூன்றாம் வாரம், பெரியவர்களுக்கு முன்னால் சுகிர்தா எழும்பினாள். "எனக்கு அடிச்சால் நான் உன்னோட கதைக்கமாட்டன். உன்ர வீட்டுக்கும் வரமாட்டன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேலாப்போடி கைதட்டினார். யோகமலருக்கு அன்று இஞ்சினைத் திரும்ப இயக்கவே தோன்றவில்லை. பாதிப் படத்தோடு எல்லோரும் கதைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

யோகமலர் இப்போதும் கப்பல்துறையில்தான் இருக்கிறார். மின்சாரம் வந்தபின் கொட்டிலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சுகிர்தா திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள்.