மஞ்சள் பிளக்கை மாட்டியது நான்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் பிளக்கைக் கம்ப்யூட்டர் மானிட்டரின் பின்னால் மாட்டியது நான்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதை அம்மா செய்ததாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். நான் குறுக்கே விழுந்து மறுப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எந்த ஒயர் எந்த ஓட்டைக்குள் போனது என்பது என் கைக்குத் தெரியும்.

போடியில் பெரியப்பா ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்தார். முன்கட்டு மண்டி, பின்கட்டு வீடு, நடுவில் ஒரு கதவு. அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் மூட்டைகளோடு இறங்குவார். அவர் மேலும் மூட்டை மேலும் ஒரே வாசம்தான் அடிக்கும். மற்ற நாட்களில் பெரியப்பா வைத்ததே சட்டம். அம்மா அவரை மாமா என்று கூப்பிடுவாள், அதுவும் அந்த நடுக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. மண்டியில் இருப்பவர்களுக்கு அவளுடைய குரலும் சேலை நுனியும்தான் தெரியும்.

எண்பதுகளின் கடைசி அது. மண்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார் பெரியப்பா. தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர். சின்னத் திரை, அதில் பச்சை எழுத்து மட்டும் தெரியும். அதை ஓட்டுவதற்கு மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். போடித் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அப்புறம் அது நாய் பெற்ற தெங்கம்பழம்தான், யாருக்கும் உதவாது. மேலே ஒரு பட்டுத்துணியைப் போர்த்தி, செருப்புப் போட்டவர் யாரும் கிட்டே போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். பெரியப்பா வேறு ஆள் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, “நான் வேணா கத்துக்கிறட்டுமா மாமா?” என்று கேட்டாள். பெரியப்பா சிரித்தார். அவர் மகன், என் அண்ணன், அவனும் சிரித்தான். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா துபாயிலிருந்து வந்தார். அம்மாவுக்கு ஒரு பெரிய டேப்ரிக்கார்டர், பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ கேம். ‘பிள்ளைகளுக்கு’ என்றுதான் அவர் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஒரு குட்டி விமானம் எதிரே வருகிற பாறைகளைச் சுட்டுக்கொண்டு பறக்கும். நான் பின்னால் உட்கார்ந்து பாறை மட்டும் எண்ணினேன். என் முறை எப்போது வரும் என்று கேட்டால், “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி?” என்பான். அது பெரியப்பாவின் வசனம். மீசை முளைக்காத வாயிலிருந்து வந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

என் முறை வருவதற்குள் டிவியில் படம் உருள ஆரம்பித்தது. ரிப்பேர்க்காரர் வந்து, இந்த விளையாட்டு டிவி டியூபைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே பெரியப்பா டிவிப் பெட்டியின் மரக்கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். அண்ணனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவன் மதுரையில் தன் மாமா வீட்டில் தங்கிப் படித்தான், அங்கே கலர் டிவி இருந்தது. பூஜை லீவு முடிந்ததும் கேமை அங்கேயே கொண்டுபோய்விடுவது என்று முடிவானது. எனக்கு மிச்சம் அந்த லீவு மட்டும்தான். ஒரு தடவையாவது விளையாடாமல் அந்தப் பெட்டி பஸ் ஏறக் கூடாது என்று நான் சாமி மேல் சத்தியம் செய்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டுப் பெண்கள் மண்டியைக் கழுவுவது வழக்கம். தராசு, சல்லடை, சாக்கு தைக்கிற ஊசி, ஜீப்பின் ஸ்பேனர் எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிற வேலை எனக்கு வந்தது. முன்னால் மட்டும் வைத்தால் போதுமா, பின்னாலும் வைப்போமே என்று மானிட்டரைத் திருப்பினேன். அங்கே ஒரே ஒரு உருண்டைத் துளை, அதில் ஒரு ஒயர். அந்த ஒயரின் முனையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வீடியோ கேமோடு வந்த ஒயர்களில் ஒன்றை அண்ணன் ஒதுக்கி வைத்திருந்தான். அதில் மஞ்சள் முனை ஒன்று, வெள்ளை முனை ஒன்று. எங்கள் டிவியில் ஆன்டெனா ஒயரை முடுக்குகிற திருகு மட்டுமே இருந்ததால் அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, நான் அதில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தேன். அந்த முனையும் இந்த முனையும் அச்சு அசல் ஒன்றுதான்.

மறுநாள் பூஜை முடிந்தது. பொரி கடலை, சுண்டல், வடை, பாயசம் என்று உண்ட களைப்பில் வீடே சாய்ந்துவிட்டது. அன்று எந்த ஆயுதத்தையும் எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுத்து வேலை தொடங்குவார்கள். இதை நான் முந்தின ராத்திரியே யோசித்துவிட்டேன். வேலை செய்யத்தானே கூடாது? விளையாடக் கூடாது என்று யார் சொன்னது? கம்ப்யூட்டருக்கும் பாவம் லீவுதானே.

அண்ணனின் டிரங்குப் பெட்டியிலிருந்து கேமை எடுத்துக்கொண்டு மண்டிக்குள் போனேன். மானிட்டர் மேல் போட்டிருந்த பூஜை மாலையை ஒரு பக்கம் ஒதுக்கினேன். பழைய ஒயரைக் கழற்றிவிட்டு முதலில் வெள்ளையை மாட்டினேன், திரை சும்மா நடுங்கியது. பிறகு மஞ்சளை மாட்டினேன். வந்தது பாருங்கள், என் விமானம்! கலர் இல்லை. வானம், பாறை, நெருப்பு எல்லாமே ஏலக்காய்ப் பச்சை. அழகாக இருந்தது, ஆமாம், அண்ணனின் மதுரைக் கலர் டிவியை விட அழகாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

திரும்பினால் நடுக்கதவில் அம்மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“சத்தம் வராதாடி?” என்றாள்.

“இதுக்கு வாய் இல்லம்மா. வெள்ளையை மாட்ட எடமே இல்ல.”

அம்மா உள்ளே போய் அடுப்படியிலிருந்து டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் பின்னால் வெள்ளைக்கு ஏற்ற துளை இருந்தது. அதையும் நான்தான் மாட்டினேன். ஆனால் கிரைண்டர் ஓடும்போது கேட்க வேண்டும் என்று அம்மா சத்தத்தை எப்போதும் முழுக்கத் திருகி வைத்திருப்பாள், அதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். என் முதல் குண்டு வெடித்ததில் மண்டியே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த வீடு மொத்தமும் எழுந்து ஓடிவந்தது.

பெரியப்பா ஒதுங்கிக் கிடந்த மாலையைப் பார்த்தார், பச்சை விமானத்தைப் பார்த்தார். “சாமிக்கு வச்ச சாமானைத் தொட்டது யாரு?”

“நாந்தேன்!” என்றேன். “சோலி பாக்கத்தான கூடாது? நான் வெளையாடத்தான செஞ்சேன்.”

பெரியப்பா வீட்டில் அதுவரை யாரும் அவருக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. நான் நாற்காலியிலிருந்து இறங்கவும் இல்லை. அப்போது அம்மா கதவைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். “அவ இல்ல மாமா. நான்தேன் மாட்டுனேன்.”

எனக்கு வந்ததே கோபம். என் மூளை, என் மஞ்சள் பிளக்கு, நான் பட்ட பாடு. அலுங்காமல் வந்து அம்மா பேர் வாங்கிக்கொள்வதா? “பொய்! அம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது. நாந்தேன்!” என்று கத்தினேன்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா ஒயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டார். “அப்டியா? எங்க, இப்ப மாட்டு பாப்போம்.”

அம்மா மாட்டினாள். மஞ்சளை மானிட்டரில், வெள்ளையை டேப்ரிக்கார்டரில், முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டு. விமானம் வந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. மஞ்சளைக் கழற்றிக் கம்ப்யூட்டரின் சொந்த ஒயரைத் திரும்ப மாட்டினாள். என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உறைக்குள்ளிருந்து கறுப்பு பிளாப்பியை எடுத்துச் சொருகி, அதன் தாழ்ப்பாளைத் திருகிப் பெரிய சுவிட்சைப் போட்டாள். உள்ளே என்னவோ கறகறத்தது. பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. மதுரைப் பையன் போன பிறகு அந்தத் திரையில் யாரும் எழுத்தைப் பார்த்ததில்லை.

“அந்தத் தம்பிக்குக் காபி கொண்டாறப்பெல்லாம் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்,” என்றாள் அம்மா, திரையைப் பார்த்தபடியே. “நாளைக்கி விஜயதசமி மாமா. நாளையிலருந்து இதுல நான் ஒக்காருறேன்.”

அவள் கேட்கவில்லை, சொன்னாள். பெரியப்பா மாலையை எடுத்து மானிட்டர் மேல் சரியாகப் போட்டார். “காலையில எமகண்டத்துக்கு முன்னாடி ஒக்காரு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் கேமை மார்போடு அணைத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். லீவு முடிந்து அது மதுரைக்குப் பஸ் ஏறியது. நான் விளையாடியது ஒரே ஒரு குண்டு.

அம்மா என் அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டாள் என்று வீட்டில் பிறகு பெருமையாகச் சொல்வார்கள். வளர்ந்த பிறகு நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நம்பினேன். அந்தப் பெருமையும் சரியில்லை. அன்று சாயங்காலம் அம்மா சுண்டல் தட்டோடு என்னிடம் வந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “நான் செஞ்சத நீ செஞ்சதா ஏன் சொன்ன?” என்று கேட்டேன்.

அம்மா மறுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. “ஒனக்கு வெளையாட எத்தனையோ நாள் கெடக்குடி,” என்றாள். “எனக்கு இன்னைக்கி ஒரு நாள்தேன் கெடச்சுச்சு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர்கள் எப்போதும் இப்படித்தான் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். சுண்டல் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன்.