சட்டைப் பையில் ஒரு ஹெட்லைட் பல்பு

இது நடந்தது. நடுராத்திரியில், சுடுகாட்டோரம், நாய் ஊளையிட நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். எப்படி வெளியேறினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மனைவியின் தம்பி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். அவனைவிட வயதில் மூத்த வண்டி. வாங்கிய கையோடு பழைய வண்டிக்காரர்கள் சங்கத்திலும் சேர்ந்தான். சங்கத்துக்கு ஒரு தலைவர். கொளுத்தும் வெயிலிலும் தோல் ஜாக்கெட் போடுவார். அதில் வரிசையாகப் பதக்கங்கள். அவரே செய்யச் சொல்லி அவரே குத்திக்கொண்டவை. வீட்டில் பதினோரு வண்டிகள் வைத்திருக்கிறார். எதுவும் கிளம்பாது. ஆகவே எந்த வண்டியும் இதுவரை அவரை நடுவழியில் கைவிட்டதில்லை.

மறுநாள் காலை சங்கத்தின் ஊர்வலம். மலைப்பாதை, நடுவில் ஒரு சுரங்கப்பாதை. என் பன்னிரண்டு வயது மகள், மாமாவின் பின்னால் உட்கார்ந்துதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வாரம் முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான் சாப்பிட்டாள்.

ஆனால் வண்டிக்கு உடம்பு சரியில்லை. ஹெட்லைட்டின் தலையில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு அம்மீட்டர் இருக்கிறது. நடுவில் பூஜ்யம். முள் வலப்பக்கம் போனால் பேட்டரி நிறைகிறது. இடப்பக்கம் போனால் காலியாகிறது. பட்டப்பகலில், ஒரு விளக்கும் போடாமல் ஓட்டினாலும் முள் இடப்பக்கம்தான் படுத்தது. இந்த வண்டியில் ஸ்பார்க்குக்கும் பேட்டரிதான். அது தீர்ந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். டைனமோவைக் கழற்றிப் பார்த்தோம்; நன்றாகவே கரண்ட் கொடுத்தது. டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் சுவிட்சைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவினோம். பேட்டரி புத்தம் புதிது. தனித்தனியாக எல்லாரும் யோக்கியர்கள். ஒன்றாகச் சேர்ந்தால் எங்கோ களவு போகிறது. நான் வேலை பார்த்த அலுவலகங்கள் நினைவுக்கு வந்தன.

மைத்துனன் தலைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"நாப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன் தம்பி. பல்பைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்க. ராத்திரி பேட்டரிய ஃபுல்லா ஏத்து. ஸ்பார்க்குக்கு மட்டும்னா தாராளமாப் போய்ட்டு வந்துடலாம்."

"சுரங்கப்பாதைல இருட்டா இருக்குமே சார்?"

"முன்னாடி நான் போறேன்ல? என் வெளிச்சத்துலயே வா."

"சார் எந்த வண்டில வர்றீங்க?" நான் பணிவாகக் கேட்டேன்.

"கார்ல."

போனை வைத்ததும் சொன்னேன். "டேய், பின்னால பிள்ளை உக்காந்திருக்கும்."

"சுரங்கம் ஒரு கிலோமீட்டர்தானே அத்தான்? நான் பாத்துக்கறேன்."

பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சார்ஜரை எடுத்துவர, சாவியோடு லிஃப்டில் மேலே போனான்.

அப்போது மணி ஆறு பத்து.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி அணைந்திருந்தது. சாவி அவனிடம். பல்பு என்னிடம்.

முள் நகர்ந்தது.

இடப்பக்கம்... மெதுவாக... நான்கில் போய் நின்றது. நான்கு என்றால் சரியாக ஒரு ஹெட்லைட் எரிகிற கணக்கு.

எங்கோ வயர் உரசுகிறது என்று நினைத்தேன். பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினேன். பேட்டரியே இல்லாத வண்டியில் முள் பூஜ்யத்துக்கு வந்தே தீர வேண்டும்.

வரவில்லை. நான்கிலேயே நின்றது.

சீட்டின் ஸ்பிரிங் 'கிறீச்' என்றது. யாரோ உட்கார்ந்ததுபோல் சீட் ஓர் அங்குலம் இறங்கியது...

நான் அசையவில்லை. கீழ்த்தளத்து விளக்குகள் ஆள் அசைந்தால்தான் எரியும். படக்கென்று அணைந்தன. கையை வீசினேன். எரியவில்லை. இரண்டு கையையும் வீசினேன். அங்கே ஆளே இல்லை என்று அவை முடிவு செய்துவிட்டன.

ஆனாலும் எனக்கு அம்மீட்டர் தெரிந்தது.

மஞ்சளாக ஒரு வெளிச்சம். எங்கிருந்து...?

குனிந்து பார்த்தேன்.

என் சட்டைப் பை எரிந்துகொண்டிருந்தது. தீ இல்லை. உள்ளே பல்பு.

நெஞ்சு சுட்டது.

'டிக்.'

ஹேண்டிலில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்ச். பையில் வெளிச்சம் தாழ்ந்தது. 'டிக்.' உயர்ந்தது. எதிரே வருகிற வண்டிக்கு விளக்கைத் தாழ்த்திக் காட்டுவார்களே, அப்படி.

'டிக்... டிக். டிக்டிக்டிக்—'

பிரேக் பெடல் அடிவரை இறங்கியது.

முள் கோடிக்குப் பாய்ந்தது.

இருட்டு.

லிஃப்ட் திறந்தது. அவன் காலடி பட்டதும் விளக்குகள் மரியாதையாக எரிந்தன.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி..." என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பல்பை மாட்டு."

"சார்ஜ் எறங்கிடுமே அத்தான்."

"மாட்டுடா!"

மாட்டினான். பேட்டரியை இணைத்தான். உதைத்தான், கிளம்பியது. விளக்கைப் போட்டான். முள் வலப்பக்கம் போனது. பேட்டரி நிறைந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்தான்; முள் இடப்பக்கம் விழுந்தது. போட்டான்; வலப்பக்கம். ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தான்.

"இது தலைகீழா இருக்கு அத்தான். விளக்கு எரிஞ்சாத்தானே பேட்டரி எறங்கணும்?"

அவனுக்கு வேர்த்திருந்தது. மாடிக்குப் போனதும் மனைவி என் சட்டையைப் பார்த்தாள்.

"மறுபடி சிகரெட்டா? பாக்கெட்ல வட்டமாத் தீஞ்சிருக்கு?"

"ஆமாம்" என்றேன். பேயைவிட அது சுலபம்.

மறுநாள் அவன் விளக்கை எரியவிட்டபடியே தனியாகப் போய்த் திரும்பினான். மகள் எங்கள் காரில், ஹெல்மெட்டோடு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அன்று சாயங்காலம், வண்டியை அவனுக்கு விற்றிருந்த அம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"வண்டி ஓடுதும்மா. ஆனா விளக்கு போட்டாத்தான் சார்ஜ் ஏறுது. விநோதமா இருக்கு."

"அப்ப அணைக்காதீங்க தம்பி."

பிறகு அந்த அம்மாளே தொடர்ந்தார்.

"அது என் தம்பி வண்டி. சார்ஜ் நிக்கலைன்னான். சங்கத்துல யாரோ பெரிய மனுஷர் பல்பைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னாராம். மலைப்பாதைச் சுரங்கத்துக்குள்ள எதிர்ல லாரி... லாரிக்காரனுக்கு வண்டியே தெரியல. அவன் சட்டையையும் பல்பையும் ஆஸ்பத்திரில என் கையில குடுத்தாங்க. பல்புக்கு ஒரு கீறல் இல்ல. அதையேதான் வண்டில மாட்டி வச்சேன்."

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் என் நெஞ்சில் கை வைத்திருந்தேன்.

"ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல தம்பி" என்றார் அவர். "அவன் பாக்கெட் வட்டமாத் தீஞ்சிருந்துச்சு. வயரே இல்லாத பல்பு எப்படிச் சுடும்?"