புக்கை கொடுத்தவன் நான்தான்

அலவாங்கால் சுண்ணாம்புக் கல்லை உடைத்து உடைத்து நானே இறக்கிய கிணறு, அந்தக் கிணற்றுத் தண்ணீரை நம்பித் தொடங்கிய சீமெந்துக் கல் பட்டறை, அதற்குப் பக்கத்தில் வாசலுக்கு இரும்புக் கேற் ஒட்டுகிற பட்டறை, சண்டைக் காலத்தில் செல் விழுந்து இரண்டு தரம் தரையோடு போய் இரண்டு தரமும் நான் எழுப்பி நிறுத்திய வீடு. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஒருவன் செய்தவை. வங்கிக்காரர் கையை விரித்தார்கள், சொந்தக்காரர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், இரண்டு பகுதியாரும் இப்போது என்னிடம்தான் கேற் செய்விக்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் கராம்புத் தைலத்தின் மணம் மூக்கில் ஏறினால் இந்த மனிதன் இன்றைக்கும் வாயை இறுக மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடுவான்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். வலது பக்கக் கடைவாயில் ஒரு ‘சூத்தைப் பல்’. அம்மா கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து வைத்துப் பார்த்தும் கேளாமல், கன்னம் வீங்கிக் கண்ணை மூடப் பார்த்தது. ஒருநாள் காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் மாற வேண்டிய நேரத்தில், அப்பு, என் தகப்பனார், என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். “வா, ஐஸ்பழம் வாங்கித் தாறன்” என்றார். உரும்பிராயில் எங்கள் வீட்டிலிருந்து ஐஸ்பழக் கடை வரைக்கும் நான் வலியை மறந்து, சிவப்பு வாங்குவதா பச்சை வாங்குவதா என்ற யோசனையிலேயே போனேன். கடை வந்தது. சைக்கிள் நிற்கவில்லை.

நின்ற இடம் ஒரு மருந்துசாலை. அங்கே இருந்தவரை ஊர் ‘அப்போதிக்கரி’ என்று சொல்லும்; டொக்டர் இல்லாத இடத்தில் அவர்தான் டொக்டர். “சும்மா பாக்கத்தான் ராசா, வாயைத் திற” என்றார். திறந்தேன். வலி தெரியாமலிருக்க விறைப்பு ஊசி ஒன்று போட்டார். சீழ் கட்டிய இடத்தில் அந்த ஊசி சரியாகப் பிடிக்காது என்று இப்போது எனக்குத் தெரியும், அன்றைக்கு அது பிடிக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. நான் துள்ளியதும் அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அப்பு தோளைப் பிடித்தார், உதவியாளர் தலையைப் பிடித்தார், இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். நாலு ஆம்பிளைகள், எட்டு வயதுப் பையன் ஒருவன். குறடு உள்ளே போனது. நான் கடித்தேன். அப்போதிக்கரியின் சுட்டுவிரலில் என் மற்றப் பல்லெல்லாம் பதிந்தன. பிறகு எத்தனையோ வருஷம் அவர் சந்தையில் என்னைக் கண்டால் அந்த விரலைத் தூக்கிக் காட்டுவார்; நானும் வாயைத் திறந்து அந்த இடைவெளியைக் காட்டுவேன்.

திரும்பி வரும்போதும் ஐஸ்பழக் கடை வந்தது. அப்பு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் கெட்டவரில்லை, அவருக்கும் அப்படித்தான் பிடுங்கியிருப்பார்கள். ஆனால் அவர் “வா” என்று கூப்பிட்டால் “எங்கை?” என்று இரண்டு தரம் கேட்கிற பழக்கம் அன்றோடு எனக்கு வந்தது, அவர் சாகும் வரைக்கும் போகவில்லை. வழியில் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்திருந்தது. என் சட்டையில் இரத்தத்தைக் கண்ட கிழட்டு ஐயர் ஒன்றும் கேட்காமல், சர்க்கரைப் பொங்கலில், எங்கள் பேச்சில் ‘புக்கை’, ஆறிய ஒரு பிடியை வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார். “மற்றப் பக்கத்தாலை தின், அப்பன்” என்றார். தருகிறேன் என்று நீட்டியதை அன்றைக்கு உண்மையாகவே தந்த கை அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு, பல்லெல்லாம் தானாக விழுந்து முடியும் வரைக்கும், எந்தப் பல் வைத்தியருக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. செல்லுக்குப் பயப்படாதவன், பல்லுக்கு ஓடி ஒளித்தேன். இன்று என் வாயில் இருப்பது முழுக்கக் கட்டுப்பல்.

இனித்தான் விஷயம். என் மகள் சுகந்தியின் பிள்ளை ஆரணிக்கு ஐந்து வயது. இரண்டு பக்கமும் சூத்தை, பாண் துண்டைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுத்தான் விழுங்குவாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற டொக்டர், என் மகளிலும் இளையவர், எங்களை இருத்தி வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு ஆறுதலாகக் கதைத்து விறைப்பு மருந்து போட்டாலே போதுமாம். சிலருக்கு மூக்கில் சின்ன முகமூடி வைத்து ஒரு வாயு கொடுப்பார்களாம், பிள்ளை முழித்தபடி இருக்கும், பயம் மட்டும் கழன்று விடும். தூக்கம் வரப்பண்ணுகிற குடிமருந்துப் பாணியும் உண்டாம். ஆரணிக்கு ஒரே நாளில் ஆறு பல்லில் வேலை. முகமூடியைக் கண்டாலே தட்டி விடுகிறாள். அவளுக்கு, ஒப்பரேசன் தியேட்டரில் மயக்க மருந்து டொக்டர் பக்கத்தில் நிற்க, முழுதாக நித்திரையாக்கிச் செய்வதுதான் நல்லது என்றார்.

வீட்டில் வழக்கு வைத்தார்கள். மயக்கினால் மூளை மந்தமாகும் என்றார் ஒருவர். மருமகனின் தமையன், தனக்கு எல்லாம் தெரியும் என்கிற ஆள், “விழப்போற பாற்பல்லுத்தானே. ரெண்டு பேர் பிடிச்சா ஒரு நிமிச வேலை” என்றார். நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

“பிடிக்கிறதெண்டால் நீர் முதல் வந்து இரும். நான் பிடிக்கிறன், உம்மடை பல்லொண்டைக் கழட்டிப் பாப்பம். பிறகு பிள்ளையிலை கை வையும்.”

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாள் குறித்தது என் வாயால்தான். ஒருவரும் இதை மறுக்க முடியாது.

அந்தக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அதே பிள்ளையார் கோயிலில் வானை நிற்பாட்டினேன். பிள்ளைக்கு முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படித்தான் தாளில் அச்சடித்துத் தந்திருந்தார்கள். சோறு, பாண், பால், பிஸ்கற் என்று எல்லாம் அதில் இருந்தது. சுகந்தி அர்ச்சனைக்குத் தட்டோடு உள்ளே நிற்க, ஐயர், அந்தக் கிழவரின் பேரன், எனக்கு ஒரு இலைத்துண்டில் புக்கை தந்தார். ஆரணி என் வேட்டியைப் பிடித்தபடி அந்த இலையைப் பார்த்தாள். கோயிலில் தந்ததைச் சாப்பாடு என்று எங்கள் ஊரில் எவன் எண்ணுவான்? அது விபூதி மாதிரி, சந்தனம் மாதிரி. இரண்டு விரலால் எடுத்து அவள் வாயில் வைத்தேன். இன்னொரு தரமும் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆரணிக்குப் பச்சைச் சட்டை மாற்றி, கையில் பெயர் கட்டினார்கள். பிள்ளை காலையில் ஏதும் சாப்பிட்டதோ என்று மிஸி, அதுதான் தாதி, கேட்டார். பச்சைத் தண்ணியும் கொடுக்கவில்லை என்றாள் சுகந்தி. நல்லது, வயிற்றில் ஏதும் இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடும் என்று மிஸி சொல்லிக்கொண்டே எழுதினார். ஆரணி என்னைப் பார்த்தாள். நாக்கால் உதட்டை ஒரு தரம் நக்கினாள்.

இவ்வளவு வழக்குப் பேசி வென்ற நான், அத்தனை பேருக்கு முன்னால் இதைச் சொன்னால் என் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டு விரல் புக்கைதானே என்றும் யோசித்தேன். யோசித்ததை மறைக்கவில்லை. அந்த நேரம் ஐஸ்பழக் கடையைத் தாண்டிப் போன சைக்கிள்தான் கண்ணுக்குள் வந்தது.

“எழுதாதையுங்கோ மிஸி. புக்கை திண்டவள். நான்தான் குடுத்தனான்.”

“அப்பா, உங்களுக்கென்ன விசரே?” என்றாள் சுகந்தி.

கோயிலில் தந்தது, சாப்பாடு என்று நினைக்கவில்லை என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “வயித்துக்கு அது தெரியாது, ஐயா” என்றார்.

அன்றைக்கு எல்லாம் நின்றது. இன்னும் மூன்று கிழமை பிள்ளை ஊறிய பாண்தான் விழுங்கினாள், சுகந்தி என்னோடு கதைக்கவில்லை. இரண்டாம் முறை போகும்போது வானுக்குள் இருந்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டு. ஆரணி தாயின் கையைப் பிடித்தபடி நித்திரையானாள். முழித்ததும், பஞ்சு அதக்கிய வாயால், “அம்மப்பா, எப்ப துடங்குவினம்?” என்று கேட்டாள்.

ஐஸ்பழக் கடை இப்போது இல்லை. அப்போதிக்கரியும் இல்லை, காலைப் பிடித்த அந்த இரண்டு பேரும் இல்லை. இவை போனதில் எனக்கு ஒரு சொட்டுக் கவலையும் இல்லை. ஆனால் கலியாண வீடுகளில் நான் ஊட்டியதை ‘அப்பா புக்கை தீத்தின கதை’ என்று சுகந்தி சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்கிறாள். சொல்லட்டும். பாதியில் நிறுத்தாமல் சொல்லட்டும். ஒருவரும் காணாத ஒன்றை ஒத்துக்கொண்டவனும் இவன்தான் என்று சேர்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் முறை எங்களுக்குத் தந்த அந்தத் தாளில், பிஸ்கற்றுக்குக் கீழே, பேனையால் ஒரு வரி புதிதாக எழுதியிருந்தது: ‘கோயில் பிரசாதமும் சாப்பாடே.’ இப்போது அதை அச்சடித்தே கொடுக்கிறார்கள். அந்த வரியால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது யாரால் வந்த வரி என்று தெரியும். கிணற்றுக் கட்டிலும் கேற்றிலும் என் பெயரை நானே போட்டுக்கொண்டேன். இந்தத் தாளில், கதையைக் கேட்ட நீங்கள்தான் போட வேண்டும். அந்த வரிக்குக் கீழே, சின்ன எழுத்தென்றாலும் பரவாயில்லை, என் பெயரைப் போடுங்கள்.